ரசமட்டம்

வண்டி நின்றதும் முதல் வேலை
மேசைமேல் ஒரு முட்டையை வைப்பது.
ரசமட்டம் வயோமிங்கில் எங்கோ விழுந்து தொலைந்தது,
அதிலிருந்து முட்டைதான்.
சன்னல் பக்கம் உருண்டால்
அந்தச் சக்கரத்துக்கு ஒரு பலகை,
கட்டில் பக்கம் உருண்டால்
முன் ஜாக்கிக்கு நாலு சுற்று.
ஆர்லன் வெளியே மண்டியிட்டுக் கத்துவார்:
"இப்போ?"
"இன்னும் கொஞ்சம்."
"இப்போ?"
முட்டை யோசிக்கும்.
நிற்கும்.
அன்றிரவுக்கு அதுதான் எங்கள் பூமி.

சாய்ந்து படுத்தால் குளிர்பெட்டி முறைத்துக்கொள்ளும்,
அலமாரிக் கதவு தானே திறந்து
அரிசியைக் கொட்டும்,
தூக்கத்தில் நாங்கள் இருவரும் ஒரே சுவரில் போய் ஒட்டுவோம்.
முதல் வருடம் அது பிடித்திருந்தது.

முப்பத்தோரு அடி.
நாற்பது காலன் நல்ல தண்ணீர்.
நனை, குழாயை மூடு, சோப்புப் போடு, திற.
ஒரு தலைமுடிக்கு எத்தனை குவளை என்று
எனக்குத் துல்லியமாகத் தெரியும்.
கழிவுத்தொட்டி விளக்கு சிவந்தால்
பேச்சு நின்றுவிடும்.
கையுறை மாட்டி, தடித்த குழாயைத் தோளில் சுற்றி
ஞாயிற்றுக்கிழமை முகத்தோடு
ஆர்லன் இறங்குவார்.

அக்டோபரில் வடக்கே, மின்னசோட்டா எல்லையில்
சர்க்கரை பீட் அறுவடை.
பன்னிரண்டு மணி நேரம் குளிரில் நின்று
லாரிகளுக்குக் கை காட்டினால்
குளிர்காலம் முழுக்க டீசல்.
சனவரியில் அரிசோனா.
கியூபெக்கிலிருந்து தெல்ஃபீன் வந்திருப்பாள்,
அவளுடைய இரண்டு கிளிகளும்
விடியுமுன்னே பிரெஞ்சில் ஏசும்.
ரூஃபஸ் பழைய பேட்டரிகளைக் கோப்பைத் தேநீருக்குப் பழுது பார்ப்பான்.
யாரும் யாரையும் போய்வருகிறேன் என்பதில்லை.
"தண்ணி ரொப்பிக்கிட்டியா?" என்பார்கள்.
அவ்வளவுதான்.

சென்ற வாரம் இங்கே முட்டை
வைத்த இடத்திலேயே நின்றது.
பலகை வேண்டாம், ஜாக்கி வேண்டாம்.
பதினோரு வருடத்தில் இது நான்காவது முறை.
கொண்டாட ஆளுக்கொரு காபி.
என் கோப்பையில் கூரை விளக்கு
அசையாமல் மிதந்தது.
அவர் கோப்பையில் அலை.
"ஜெனரேட்டரை அணைக்கலையா?" என்றார்.
அணைத்து ஒரு மணி நேரமாகியிருந்தது.
"காத்து" என்றேன்.
வெளியே கிரியோசோட் புதரில்
ஓர் இலை ஆடவில்லை.
இரு கையாலும் பிடித்துக் குடித்தார்.

யூமாவில் மருத்துவமனைப் படிவம்.
நிலையான முகவரி என்ற இடத்தில்
தெற்கு டகோட்டாவின் அஞ்சல்பெட்டி எண்ணை எழுதினேன்.
எழுதச் சொல்லி என்னிடம் தள்ளியது அவர்தான்.
செவிலி கேட்டாள், "அங்கே பனி ரொம்பவோ?"
அந்த ஊரில் நாங்கள் தூங்கியது ஓர் இரவு,
அதுவும் ஜூலையில்.

பதினான்கு நாளுக்கு மேல் ஓரிடத்தில் கூடாது, விதி.
இன்று காலை நான் ஓட்டினேன்.
பின்னால் வண்டியைத் தள்ள
ஸ்டீயரிங்கை இடம் திருப்பினால் அது வலம் போகும்,
இதை ஒரு மனுஷி அறுபத்து மூன்று வயதில் கற்கக்கூடாது.
கண்ணாடியில் ஆர்லன் கை காட்டினார்.
வா என்கிறதா, நில் என்கிறதா
அந்தக் கை,
எனக்குப் பிரிக்க முடியவில்லை.
ரூஃபஸின் மடக்கு நாற்காலி ஒன்று நசுங்கியது.
அது ஏற்கெனவே உடைஞ்சதுதான் என்று
பொய் சொன்னான்.

பிறகு ஆர்லன் உள்ளே போனார்,
நான் ஜாக்கிப் பக்கம் மண்டியிட்டேன்.
மண் சில்லென்றிருந்தது,
முழங்காலில் சரளை.
"இப்போ?"
பதிலில்லை.
"இப்போ?"
உள்ளே ஏதோ உடையும் சத்தம்.
கொஞ்ச நேரம் கழித்து,
"மட்டம்தான். முட்டைதான் போச்சு."

பெட்டியில் இன்னும் ஏழு இருக்கின்றன.