மூக்கையூர் காப்பகத்தில் ஒரு டால்ஃபின்

பாம்பனில் மூன்றாம் எண் கூண்டு ஏறிய அன்று
மூக்கையூர்ப் பிள்ளைகள் நாற்பத்தாறு பேரைப்
புயல் காப்பகத்து மாடியில் உட்காரவைத்துத்
தலையாரி சவரிராயன்
ஒரு பென்டிரைவைச் செருகினார்.
சுவரில் விரிந்தது
நான் தமிழ் எழுதிய படம்.

யாரிடமும் சொல்லவில்லை.
என் பேர் வரும் இடத்தை
எப்போதும் வெட்டிவிடுவார்கள்.
அன்றைக்கு அது நல்லதாய்ப் போயிற்று.

சாலிகிராமத்தில்
நிமிடத்துக்கு நூற்றிருபது ரூபாய்.
பெரியவர்கள் படமென்றால் இருநூறு.
ஏன் என்று ஒருமுறை கேட்டேன்.
"சின்னப் பசங்க பாக்கறதுதானே மேடம்,
உதடு ஒட்டலன்னாலும் சிரிக்கும்."

சிரித்தார்கள்தான்.
நண்டு வழுக்கி விழுந்ததற்குச் சிரித்தார்கள்.
அடுத்து வந்த கப்பலுக்கும் சிரித்தார்கள்,
அது சிரிப்புக் காட்சி இல்லை.
"கொடி கொண்டலுக்குப் பறக்குது,
பாய் கச்சானுக்குப் புடைக்குது,
அந்த ஊர்ல ஒரே நேரத்துல ரெண்டு காத்தா?"
கேட்டது என் அக்கா மகள் மெர்சியாள்,
ஏழு வயது, முன்பல் இல்லை.

பிறகு அது வந்தது.
கொழுத்த உடம்பு, மீசை முளைத்த முகம்,
தாழை மேய்கிற வாய்.
"டால்ஃபின் குட்டி நான்!" என்றது
என் தமிழில்.
ஒரு நொடி சத்தமே இல்லை.
அப்புறம் மாடியே கத்தியது:
"டால்ஃபின் இல்ல! ஆவுளியா! ஆவுளியா!"

ஆவுளியாதான், பிள்ளைகளே.
அப்படித்தான் முதலில் எழுதியிருந்தேன்.
யாருக்குப் புரியும் என்று
சிவப்பு மையில் அடித்தார்கள்.
நானும் வாதாடவில்லை.
அன்று வாடகை நாள்.

இந்தக் கரையில்
குழந்தைக்கு முதல் மீன் ஊட்டுகிறவர்கள்
கிழங்கான் தேடுவார்கள்,
அன்று பட்டதாய், செவுள் சிவந்ததாய்.
சின்ன வயிறுதானே, பதம் கெட்டது போதும் என்று
ஏலத்தில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை.
முள்ளை எடுப்பார்கள், சரி.
மீனையும் எடுத்துவிட்டு
வெறும் சட்டியை நீட்டமாட்டார்கள்.

இதையே யாரிடமாவது நன்றாகப் பேச வேண்டும் என்று
மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருக்கையில்
மின்சாரம் போயிற்று.
ஜெனரேட்டர் இரண்டு முறை இருமிப்
படுத்துக்கொண்டது.

"மிச்சக் கதை எங்க சித்திக்குத் தெரியும்,
அதுதான் எழுதுனிச்சு" என்றாள் மெர்சியாள்.
இருட்டிலும் தெரிந்தது
நாற்பத்தாறு முகம் என் பக்கம் திரும்பியது.

சொன்னேன்.
டால்ஃபினை எடுத்துவிட்டுச் சொன்னேன்.
வலை விழுகிறவரை,
தாய் காணாமல் போகிறவரை
வந்துவிட்டேன்.
அடுத்த வசனம்
கோயம்பேடு சிக்னலில் பேருந்து நின்றபோது
மடியில் வைத்து எழுதியது:
"அழாதே! அவங்க எங்கேயும் போகல,
உன் மனசுக்குள்ளதான் இருக்காங்க."
நாலு விநாடி. எட்டு ரூபாய்.

என் முழங்காலை ஒட்டி
இன்பராஜ் மகன் கிளாட்வின்.
அப்பா போன படகைப் பற்றிப்
பதினோரு நாளாய்த் தகவல் இல்லை.

அவனிடம் அந்த வசனத்தை
யாராவது சொல்லிப் பாருங்கள்.

"அப்புறம்?" என்றான்.

குட்டி தேடுது, என்றேன்.
"எங்க?"
நான் யோசிப்பதற்குள்
"நல்லதண்ணித் தீவுக்குப் பின்னால" என்றது ஒரு குரல்.
"இல்ல, உப்புத்தண்ணித் தீவு. அங்கதான் தாழை ஜாஸ்தி."
"பாரு ஓரமாவும் பாக்கச் சொல்லு."
வெளியே காற்று ஏதோ தகரத்தைப் பிடுங்கியது.
ஆளுக்கொரு திசையில்
குட்டியை அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

கிளாட்வின் மட்டும் வெகுநேரம் பேசவில்லை.
பிறகு மெதுவாகக் கேட்டான்:
"ராத்திரியில ஆவுளியாவுக்குக் கண்ணு தெரியுமா?"

எனக்குத் தெரியவில்லை.
தெரிந்துகொண்டு
எழுதியிருக்க வேண்டும்.