ஏழு லிட்டர்

வீட்டுக்கு ஆறு கஞ்சாச் செடி என்கிறது உருகுவேயின் சட்டம்.
ஒதீலியாவுக்கு ஒன்று போதும்.
பதிவுச் சீட்டை அஞ்சலகத்தில் வாங்கினாள்,
முப்பத்தொரு வருடம் அவளே முத்திரை குத்திய மேசையில்,
வரிசையில் நின்று.

நான் வாஷிங் மெஷின் பழுது பார்ப்பவன்.
ஃபிரே பெந்தோஸ், ஆற்றுக்கு மூன்று தெரு மேலே, அவளுக்கு எதிர்வீடு.
செத்த மெஷின்களின் வயிறுகள் என் கொல்லையில் கிடக்கின்றன:
எஃகு உருளைகள், உடம்பெல்லாம் துளை.
ஐந்தில் என் செடிகள் நிற்கின்றன.
அதனால் என்னிடம் கேட்டாள்.
கேட்டாள் என்றா சொன்னேன்?
கையில் தொட்டியோடு வந்து நின்றாள்.
தக்காளி நட்ட பழைய பிளாஸ்டிக், ஏழு லிட்டர்,
அடியில் ஒரே ஓட்டை, அதிலும் காய்ந்த சிமெண்ட்.

சொன்னேன்:
வழவழத்த வட்டச் சுவரில் வேர் முட்டும்,
திரும்பும், சுவரைப் பிடித்தே சுற்றும்,
சாவி தொலைத்தவன் தன் வீட்டைச் சுற்றுவதுபோல.
ஒடுங்கி உயர்ந்ததும் ஆகாது,
பம்பேரோ அடித்தால் முதலில் விழுவது அதுதான்.
குட்டையாக, அகலமாக, மூச்சு விடும் சுவரோடு ஒன்று எடு.
துளையில் வேர் எட்டிப் பார்க்கும்,
காற்றுப் பட்டு நுனி கருகும்,
உள்ளே பத்தாகக் கிளைக்கும்.
இதோ உருளை. நாற்பது லிட்டர். சும்மா தருகிறேன்.

உருளைக்குள் தலையை விட்டுப் பார்த்தாள்.
யாருடையதோ ஒரு சட்டைப் பித்தான் சிக்கியிருந்தது,
நகத்தால் பெயர்த்து என்னிடம் நீட்டினாள்.
"நாற்பது எதற்கு, வால்தெமார்?
ஏப்ரல் வரை வளரும்.
ஏப்ரலைப் பற்றி டாக்டர் ஒன்றும் சொல்லவில்லை.
விரலுக்கேற்ற வீக்கம். ஏழு."

மெஷின் என்றால் எனக்குப் பேச வரும்:
பேரிங் போய்விட்டது, இரண்டு மாதம் ஓடும் என்பேன்.
ஆணியைச் சூடாக்கிக் கொடுத்தேன்.
ஒன்பது துளை போட்டாள்,
உருகிய பிளாஸ்டிக் நாற்றத்தில் வாந்தி எடுத்தாள்,
வாய் கொப்பளித்துவிட்டுப்
பத்தாவதைப் போட்டாள்.

நவம்பர், டிசம்பர்.
திங்கட்கிழமைகளில் பேருந்தில் பாய்சாந்து போய்
முழங்கை மடிப்பில் பஞ்சோடு திரும்புவாள்.
அன்றைக்குத் தண்ணீர் என் பொறுப்பு.
ஒரு வேளை இரண்டாயிற்று, ஜனவரியில் மூன்று.
ஊற்றியது நிற்காமல் தட்டுக்கு ஓடியது.
மண் எங்கே இருக்கிறது, எல்லாம் வேர்.
கீழிலைகள் பழைய தபால் உறைகளின் நிறம்.

பம்பேரோ வந்த இரவு தொட்டி உருண்டது.
காலையில் முற்றத்தின் அந்தக் கோடியில்
ஒரு கிளை ஒடிந்து கிடந்த செடி,
படுத்தபடியே
நுனியை மேலே வளைக்கத் தொடங்கியிருந்தது.

தொட்டியை நெடுக வெட்டினோம்.
உள்ளேயிருந்து இன்னொரு தொட்டி வந்தது,
வேரால் நெய்தது, அதே விளிம்பு, அடியில் பத்துக் குமிழ்.
தொட்டிக் கம்பெனியின் பெயர்கூட வேரில் பதிந்திருந்தது,
இடவலம் மாறி.
அவள் தடங்கலில்லாமல் வாசித்தாள்.
முத்திரைக் கட்டையின் முகத்தை
முப்பத்தொரு வருடம் வாசித்த கண்.

நான் அப்போதே சொன்னேனே என்று நான் சொல்லவில்லை.
கத்தியால் நாலு பக்கமும் கீறினாள், ஆழமாக,
எனக்குத்தான் கூசியது.
அப்புறம், வேறெங்கோ பார்த்துக்கொண்டு,
"அந்த உருளை இருக்கிறதா?"

வாளி வாளியாகக் கொட்டினோம்.
முப்பத்துமூன்று லிட்டர் புது மண்.
கணக்கு வைத்தது அவள்.

இப்போது மே. அறுத்து, நிழலில் உலர்த்தி,
பூ கண்ணாடிச் சாடிக்குப் போயாயிற்று.
ரொட்டிக்கடை ஃபக்குந்தோவின் மெஷினுக்கு
சரியாக அதே அளவு உருளை வேண்டும்.
கேட்கப் போனேன்.
அவள் உருளை மண்ணில் எருவைக் கலந்துகொண்டிருந்தாள்.
"தரமாட்டேன் என்றா சொன்னேன்?
அக்டோபர் நடவு முடியட்டும், வந்து கேள்."

ஃபக்குந்தோவிடம் சொல்லியிருக்கிறேன்,
உதிரிபாகம் மொந்தெவீதேயோவிலிருந்து வரவேண்டும்,
நாளாகும்.