மாதாந்திரப் பராமரிப்பு

முதல் படத்தில் கத்தியே இல்லை.
அலகு நெடுக டியூப்லைட்,
ஓரத்தில் மின்விசிறியின் ஒரு சிறகு,
நடுவில் கத்தரிக்காய் போல நீண்ட என் மூக்கு.
மடக்குக் கத்தி என்று விளக்கின் கீழ் வைத்தது
என் வீட்டையே மடக்கி எனக்குத் திருப்பித் தந்தது.

என்னிடம் இருப்பவை ஐந்து.
எருமைக்கொம்புப் பிடி ஒன்று. பித்தளைப் பிடி ஒன்று.
சிம்மக்கல்லில் பழைய இரும்போடு
எடை போட்டு வாங்கிய பேனாக்கத்தி ஒன்று.
மற்ற இரண்டும் கூரியரில் வந்தவை.
கொண்டுவந்த பையன் சீட்டை வாசித்துவிட்டு
என்னை ஏற இறங்கப் பார்த்தான்.

"மதுரைல கத்தி வச்சிருக்கவன பாத்திருக்கேன்,
அதுக்கு போட்டோ பிடிக்கிறவள இப்பத்தேன் பாக்குறேன்"
என்றார் மாயழகு.
சொன்ன கையோடு பித்தளைப் பிடியைத் திறந்து
மாங்காய் நறுக்கினார், கழுவாமல் வைத்தார்.
கறை ஏறிவிட்டது. இரண்டு நாள் பேசவில்லை.
இப்போது அந்தக் கறைதான்,
மழைக்கு முன்னால் நாகமலை இருக்குமே, அந்த நிறம்,
படத்தில் முதலில் கண்ணில் படுகிறது.
அவரிடம் இன்னும் சொல்லவில்லை.

வெள்ளைத் துணி விரித்தேன், படம் இருண்டது.
கேமராவுக்குள்ளும் ஒரு மீட்டர் இருக்கிறதாம்,
வெள்ளையைக் கண்டால் மிரண்டு
வெளிச்சத்தைக் குறைத்து எழுதிவிடுமாம்.
மீட்டர் பொய் சொல்லும் என்பதை
பதினாறு வருடம் வீடு வீடாய் ரீடிங் எடுத்தவளுக்கா
யாரும் சொல்லித் தரவேண்டும்?
ஒன்றரை ஸ்டாப் ஏற்றிவைத்தேன். வெளுத்தது.

அப்புறம் தூசி.
கண்ணில் படாத தூசி படத்தில் குருணை அரிசி.
நுனி தெளிந்தால் பிடி கலங்கும்,
பிடி தெளிந்தால் நுனி.
மேலூரில் கெஞ்சி வாங்கிய கிரானைட் உடைசலைச்
சுமந்து வந்து இடுப்பு பிடித்தது தனிக்கதை.

செவ்வாய்க்கிழமை ஆனையூர் துணைமின் நிலையத்தில் பராமரிப்பு,
காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை.
எனக்கு முன்கூட்டியே தெரியும். விடுப்பு எழுதிக் கொடுத்தேன்.
ஒன்பது ஐந்துக்கு ஊர் அணைந்தது.
கீழ்வீட்டு ஜெசிந்தா படியில் நின்று கத்தினாள்,
"ஒங்க ஆபீசுக்கு வேற வேலயே இல்லையாக்கா?"
நான் வடக்கு ஜன்னலில்
டிரேசிங் தாள் ஒட்டிக்கொண்டிருந்தேன்.

டியூப்லைட் இல்லை, விசிறி இல்லை.
மாயழகின் கறுப்பு மழைக்கோட்டை நைட்டிமேல் மாட்டியதில்
நானும் இல்லை.
கத்தியை நகத்தால் ஒரு நூல் திருப்பினேன்.
அணை திறந்த அன்று வைகை மணலில்
தண்ணீர் நாக்கை நீட்டி நீட்டி வருமே,
அப்படி வந்தது வெளிச்சம்,
கழுத்திலிருந்து நுனி வரைக்கும்.
ஆனால் விளிம்பு எங்கே?
வெள்ளையோடு வெள்ளையாய்க் கரைந்திருந்தது.
ரீடிங் நோட்டின் கறுப்பு அட்டையை
பக்கத்தில் நிறுத்தியதும்
மை தொட்டு இழுத்தமாதிரி ஒரு கோடு.
மழைக்கோட்டுக்குள் வியர்வை ஓட
மூச்சை அடக்கி அமுக்கினேன்.

மூன்று நாற்பதுக்கே கரண்ட் வந்துவிட்டது.
எங்கள் ஆட்கள் என்றைக்கும் இல்லாத சுறுசுறுப்பு.
விசிறி சுழன்று தாள் பறந்து
கடைசிப் படத்தில் புகைபோல ஏதோ.
அறுபத்தொன்றில் ஒன்று தேறியது.
அதிலும் பிடியோரம் ஒரு குருணை.

மறுநாள் கூடல்நகரில் ரீடிங்.
வாசலில் நின்றவளுக்கு ஒரு அம்மா
எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் தந்தார்.
அதன் வயிற்றில் தெரு, வேப்பமரம், என் தொப்பி,
எல்லாவற்றையும் வெட்டிக்கொண்டு ஒரு சூரியன்.
கொஞ்சம் இடப்பக்கம் திருப்பினேன்.
இன்னும் கொஞ்சம்.
சூரியன் வழுக்கி மறைந்து
உலோகம் உலோகமாய்த் தெரிந்தது.

"என்னம்மா," என்றார் அவர்,
"தண்ணில எறும்பு கெடக்கா?"