தாழ்ப்பாள்

பர்மா ரோடு ஓட்டல், மூன்றாம் மாடி.
குளிர்சாதனம் பதினெட்டிலேயே சிக்கிக்கொண்டது.
பசியாறிவிட்டு வந்து
பெயரட்டையைக் கழுத்தில் தொங்கவிட்டு
இருபத்திரண்டு பேர் உட்கார்ந்திருக்கிறோம்:
முகாம் நடத்துபவர்கள், லாரி அனுப்புபவர்கள்,
அரிசி மூட்டை எண்ணுபவர்கள்.

முதல் நாள் முழுக்க,
எதைக் கேட்கக் கூடாது என்பதுதான் பாடம்.
அங்கே எதற்குப் போனாய், கூடாது.
என்ன உடுத்தியிருந்தாய், கூடாது.
ஏன் கத்தவில்லை,
அதைப் பலகையில் எழுதவே மாட்டேன் என்றார் ரொஹானி.
பேனாவை மூடி வைத்துவிட்டார்.
கெடாவில் பத்தொன்பது வருடம் பிரசவம் பார்த்தவர்,
பிறகு குண்டு விழும் ஊர்களுக்குப் போனவர்.

எழுபத்திரண்டு மணி நேரம், என்றார்.
அதற்குள் மருந்து அவள் கைக்குப் போக வேண்டும்.
உங்கள் கிடங்கில்
அந்தப் பெட்டி எந்த அடுக்கில் இருக்கிறது?

மூன்று கைகள் உயர்ந்தன.
என் கை மேசையிலேயே கிடந்தது.
நான் கிடங்கு மேலாளன்.

இரண்டாம் நாள் ஒரு வரைபடம் தந்தார்கள்.
ஏதோ ஒரு முகாம், ஊர்ப்பெயர் நீக்கியது.
கூடவே ஒரு தாள் சிவப்புப் புள்ளிகள்:
பயம் எங்கே இருக்கிறதோ அங்கே ஒட்டுங்கள்.

நியாபோல் யோசிக்கவே இல்லை.
விறகுக்குப் போகும் பாதையில் ஒன்று.
தண்ணீர்க் குழாயில் ஒன்று,
வரிசை இருட்டும் வரை நீளுமாம்.
அரிசி கொடுக்கும் மேசை மேலேயே ஒன்று.
அங்கேயா, என்றான் ஒருவன்.
அங்கே நிற்பவன் நம் சட்டையைத்தான் போட்டிருப்பான், என்றாள்.
கொஞ்ச நேரம்
குளிர்சாதனம் மட்டும் பேசிக்கொண்டிருந்தது.

மீதிப் புள்ளிகளையெல்லாம்
கழிப்பறை வரிசையில் ஒட்டினாள்.

கதவு இருக்கிறதே, என்றேன்.
உள்ளே தாழ்ப்பாள்?

குனிந்து பார்த்தேன்.
வடக்கு மூலையில் ஓடை
முழங்கை போல மடங்கியிருந்தது.
பெயரை நீக்கியவர்கள்
ஓடையை நீக்கவில்லை.

நூற்று நாற்பது கதவுகள்.
கதவுக்கு ஒரு தாழ்ப்பாள், நான்கு திருகாணி.
பட்டியலில் பதினேழாவது வரி.
'அவசரமில்லை, அடுத்த காலாண்டு' என்று
கோடு இழுத்தது என் பேனா.
மிச்சமான பணத்தில்
இன்னும் பதினொரு கழிப்பறை கட்டினோம்,
அவற்றுக்கும் தாழ்ப்பாள் இல்லை.
தலைமையகத்திலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது.
அம்மா அதைச் சட்டம் போட்டு
புக்கிட் மெர்தாஜாம் வீட்டில் மாட்டியிருக்கிறார்.

தேநீர் இடைவேளையில் ரொஹானியிடம் சொன்னேன்.
ஆறுதல் சொல்வார் என்று நினைத்தேன் போலும்.
யார் யார் என்று விசாரிக்கலாமா, போய்ப் பார்க்கலாமா,
என்று கேட்டேன்.

தேடிப் போகாதீர்கள், என்றார்.
உங்கள் மனம் ஆறுவதற்கு
அவர்கள் எதற்கு மறுபடி சொல்ல வேண்டும்?
யாராவது தானாக வந்தால்
எங்கே அனுப்புவது என்று தெரிந்துகொள்ளுங்கள்.
தாழ்ப்பாள் எத்தனை நாளில் போடுவீர்கள்?

சாயங்காலம் மழை.
சூலியா தெருவில், ஊய் கடையில்
ஆணிகளுக்கும் கயிற்றுச் சுருள்களுக்கும் நடுவே
ஒன்று எடுத்துத் தள்ளிப் பார்த்தேன்.
டக்.
மறுபடி. டக்.
மூன்று ரிங்கிட் இருபது சென்.
எத்தனை வேண்டும், என்றார் ஊய்,
கணக்குப் பொறியில் விரலை வைத்தபடி.
பதில் சொல்ல எனக்கு நேரமானது.

அறைக்கு வந்து கதவைச் சாத்தினேன்.
பூட்டு, சங்கிலி, வெளியே பார்க்க ஒரு துளை.
எனக்கு மட்டும் மூன்று.

கணினியைத் திறந்து படிவத்தை நிரப்பினேன்.
பொருள்: தாழ்ப்பாள், உட்புறம்.
எண்ணிக்கை: நூற்றைம்பத்தொன்று.
தாமதத்துக்குக் காரணம் என்று ஒரு கட்டம்.
எழுதினேன், அழித்தேன்.
நிதி, என்று எழுதினேன். அழித்தேன்.
பெர்ரியின் சங்கு இரண்டு முறை கேட்டது.

கடைசியில் அந்தக் கட்டத்தில்
நான் கோடு இழுத்த தேதியை எழுதி
கீழே என் பெயரைப் போட்டேன்.