மூன்றாம் வருடக் குளவி

காலை ஆறரைக்கு
க்ராட்ஸ் மருத்துவமனைக்குப் பின்னால்
பேக்கரியின் குப்பைத் தொட்டியருகே
பிளம் ஜாம் தடவிய ஜாடியோடு நிற்பேன்.
சம்பளச் சீட்டில் ஆய்வுக்கூட உதவியாளர்.
பிடிப்பது குளவி.

எல்லாக் குளவியும் ஆகாது.
குளிரில் மரத்துப்போனதும் லென்ஸ் வைத்து
முகம் பார்க்க வேண்டும்:
மூன்று புள்ளியா, நங்கூரமா.
நங்கூரக்காரிகளை வைத்துக்கொண்டு
மற்றவர்களைச் சன்னல் வழியே அனுப்பிவிடுவேன்.
ஆண்களுக்குக் கொடுக்கே கிடையாது,
அவர்களும் போகலாம்.

இன்று பத்து மணிக்கு நோட்புர்கா வருகிறாள்.
தெற்கே, ஆடுகூட யோசித்து ஏறும் சரிவில்
அவளுக்குத் திராட்சைத் தோட்டம்.
மூன்று வருடம் முன்பு அறுவடையில்
குலையோடு சேர்த்து ஒரு குளவியையும்
கைக்குள் பிடித்துவிட்டாள்.
பன்னிரண்டு நிமிடம்.
உதடு தடித்து, தொண்டை அடைத்து,
"யார் விளக்கை அணைக்கிறது?" என்று கேட்டாளாம்,
நடுப்பகலில்.

அதன்பிறகு ஊசி.
முதல் நாள்
ஒரு மைக்ரோகிராமில் நூறில் ஒரு பங்கு,
ஒரு குளவி அவளை நினைத்துப் பார்த்த அளவு.
ஏறி ஏறி நூறு மைக்ரோகிராம்.
பிறகு மாதம் ஒன்று:
கிளை நறுக்கும் மாதம், துளிர்க்கும் மாதம்,
பனியில் பேருந்து நின்றுபோன மாதமும்.

விஷம் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம்.
உள்ளே ஒரு கும்பலே இருக்கிறது.
சதையின் பசையைக் கரைத்து
வழி திறக்கும் புரதம் ஒன்று.
செல்லின் தோலைக் கிழிக்கும் இன்னொன்று.
அப்புறம் அந்த ஐந்தாம் எண் புரதம்.
குளவிக்கு அது எதற்கென்று
டாக்டர் யெலென்கோவைக் கேட்டால் தோளைக் குலுக்குவார்.
என்ன வேலை பார்க்கிறதென்றே தெரியாத அதனோடுதான்
நோட்புர்காவின் ரத்தம்
ஜென்மப் பகை கொண்டாடியது.

கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும் என்பார்கள்.
இவள் குளவியாகவில்லை.
கொட்டக் கொட்ட
அவள் ரத்தம் சலித்துக்கொள்ளக் கற்றது:
ஓ, நீயா.

கற்றதா?
அதற்குத்தான் என் ஜாடி.

முழங்கைக்குக் கீழே குவளையைக் கவிழ்த்தோம்.
அட்ரினலின் ஒரு கை தூரத்தில்.
குளவி கொட்டவில்லை.
நடந்தது. நின்றது.
மீசையைத் துடைத்துக்கொண்டது,
போட்டோ எடுக்கப் போவதுபோல.
யெலென்கோ குவளையைத் தட்டினார்.
நான் கடிகாரத்தைப் பார்த்தேன், செவிலியர் என்னைப் பார்த்தார்.
நோட்புர்கா குனிந்து,
மாட்டிடம் பேசும் குரலில்,
"கொட்டித் தொலையேன்டி,
எனக்கு அறுவடை கிடக்கிறது" என்றாள்.

கொட்டியது.

ஐந்து நிமிடம். பதினைந்து.
யாரும் பேசவில்லை, கருவி மட்டும் நாடியை எண்ணியது.
முப்பதாவது நிமிடம்
கையில் ஒரு நாணயம் அளவு சிவப்பு.
அறுபதாவதில்
சீஸ் வைத்த ரொட்டி கிடைக்குமா என்று கேட்டாள்.

குளவி உறைபெட்டிக்குப் போக வேண்டும். விதி.
"திராட்சையைப் புளிக்கவைக்கும் ஈஸ்ட்
குளிர்காலத்தை இவள் வயிற்றில்தான் கழிக்குமாம்,
தெரியுமா?" என்றாள், கோட்டை மாட்டிக்கொண்டே.
தெரியாது என்றேன்.
குப்பியில் எழுதினேன்: தேதி, இனம், கொட்டியது.

மாலை ஜாடியைக் கழுவினேன்.
இந்த வேலையில்
இரண்டு முறை கொட்டு வாங்கியிருக்கிறேன்,
ஒன்றும் ஆகவில்லை.
மூன்றாவதற்கு என் ரத்தம் என்ன சொல்லும்?
கேட்டுப் பார்த்ததில்லை.
ஜாடியின் விளிம்பில் கொஞ்சம் ஜாம்
இன்னும் ஒட்டியிருக்கிறது.