அரைகுறை

பெப்பு நகரத்து வெந்நீர்க் குளியலகம்.
உடை களைந்த பிறகுதான் பார்த்தார் துவாலைக்காரர்.
சுவரில் இருந்த பலகையைக் காட்டி
இருமுறை குனிந்தார்:
பச்சை குத்தியவர்களுக்கு அனுமதியில்லை.
எங்கள் செருப்புகளை அவரே
வாசல் பக்கம் திருப்பி வைத்தார்.

அண்ணன் லஃபயேலேவுக்கு
இடுப்பு முதல் முழங்கால்வரை கறுப்பு.
சமோவாவில், சபை கூடினால்
கவா பரிமாறுவது அவன் கைதான்.

நான் மூன்றாம் நாளே
வலி பொறுக்காமல் எழுந்து ஓடியவன்.
இடுப்புக்குக் கீழே
கோடு பாதியில் நிற்கிறது.
பதினொரு வருடமாக ஊரில்
துணியை இறுக்கிக் கட்டியே கடலில் இறங்குகிறேன்.

வெளியே தூறல்.
அண்ணன் கொதித்தான்,
அந்தத் தொட்டியில் கிடந்திருந்தால்கூட
அவ்வளவு சூடாகியிருக்கமாட்டான்.
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

முழுசா, பாதியா என்று
அந்த மனிதர் கேட்கவேயில்லை.