பழைய தெருக்களையும் சேர்த்து

உட்துறைமுக வீதியில் ஐஸ் கம்பனிக்கு மேல்மாடி.
ஏழு கணினி, ஒன்பது பேர்.
கரண்ட் போய் வந்த பிறகு
எல்லாத் திரையிலும் ஒரே கறுப்பு,
ஒரே வெள்ளைக் கீற்று கண் சிமிட்டுகிறது.

ஏற்றவற்றம் கணக்குப் பார்க்கும் மென்பொருள்,
நேற்றுத்தான் நிறுவினோம்.
முடிந்தது என்று அது சொன்னபோது
சுகுணதாஸ் கைதட்டினார்.
இன்று அதன் பெயரைத் தட்டி
என்டரை அமத்தினால்
கட்டளை காணப்படவில்லை.

"நேற்று இருந்ததே" என்கிறார்.
இப்பவும் இருக்கிறது.
எழுத்துப் பிழையா, பார்த்தேன், இல்லை.
பெரிய எழுத்தா சிறிய எழுத்தா, அதுவும் சரி.
கோப்புறையைத் திறந்து காட்டினேன்:
இந்தா, பெயர் பச்சையில் எரிகிறது.
"அப்ப ஏன் பொய் சொல்லுது?"

பொய் இல்லை. அதனிடம் ஒரு பட்டியல் உண்டு.
பட்டியலில் உள்ள தெருக்களில் மட்டும்தான்
போய்த் தேடும்.
தான் நிற்கிற முற்றத்தைக்கூடக்
குனிந்து பார்க்காது.
அதற்குத்தான் புள்ளி, சாய்கோடு, பிறகு பெயர்:
இங்கே, என் காலடியில் கிடப்பதை ஓட்டு என்று.

மிஸ்ரியா சிரித்தாள்.
கூட்டுறவுக்கு வருமுன் கிண்ணியாவில்
தபால் கந்தோரில் கடிதம் பிரித்தவள்.
"எங்கட பட்டியலும் இப்படித்தான்.
மீளக்குடியேறின ஆக்கள் வந்து ரெண்டு வருஷம்,
கூரைக்கு ஓடு போட்டு, முருங்கையும் காய்ச்சு,
கடிதம் மட்டும் திரும்பிப் போகும்,
அப்படியொரு முகவரி இல்லை எண்டு.
முத்திரை குத்தினது இந்தக் கைதான்."

கீழே ஐஸ் உடைக்கிற சத்தம்.

சரி, தெருவைப் பட்டியலில் சேர்ப்போம் என்று
அமைப்புக் கோப்பைத் திறந்து
ஒரு வரி எழுதினேன், படு ஸ்டைலாய்.
பயிற்சித் தாளிலும் அதே வரி;
எல்லோரும் அச்சுப்பிசகாமல் பார்த்து எழுதினார்கள்.
பழைய சாளரத்தை மூடுங்கள்,
அது பழைய பட்டியலையே பாடமாய் வைத்திருக்கும்.
புதிதாய் ஒன்று திறவுங்கள்.
பெயர் சொன்னதும் மென்பொருள் ஓடி வந்தது:
வெள்ளிக்கிழமை ஏற்றம், காலை ஏழே கால்.
மறுபடி கைதட்டல்.

பிறகு பிரியங்கர மெல்லக் கேட்டான்:
மற்றதெல்லாம் எங்கே, மிஸ்?

கோப்புகளைக் காட்டு. காணப்படவில்லை.
நகல் எடு. காணப்படவில்லை.
ஏழு கணினியிலும்.

வரியைப் பார்த்தேன். காது சுட்டது.
ஒரு டாலர் குறி, நாலு எழுத்து:
முன்பிருந்தவையும் என்று பொருள்படும்
அந்தச் சின்னத் துண்டை விட்டிருந்தேன்.
புதிய தெரு ஒன்றைப் போட
ஊரின் அத்தனை தெருவையும்
வழித்து எறிந்திருந்தேன்.

"இந்த ஊரில இது புதுசில்லை, மிஸ்"
என்றார் சுகுணதாஸ்.
பிரியங்கர திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

எதுவும் அழியவில்லை. அதையும் காட்டினேன்.
வேரில் தொடங்கி, சாய்கோட்டுக்குச் சாய்கோடு
முழு முகவரி சொன்னால்
எடிட்டர் எழுந்து வரும்.
மிஸ்ரியாதான் தட்டினாள், ஒவ்வொரு எழுத்தாய்,
உறையின் மேல் எழுதுகிறவள் போல.
வந்தது.
டாலர் குறி போட்டாள். நாலு எழுத்து.
முக்காற்புள்ளி.
பிறகுதான் புதிய தெரு.

வெளியே வந்தபோது
கோட்டைப் பக்கத்து மான் ஒன்று
என் சைக்கிள் கூடையிலிருந்து
மிச்சப் பயிற்சித் தாள்களை இழுத்துத் தின்றது.
இரண்டாம் பக்கம், மேற்பாதி,
அந்த வரி உள்ள இடம்.

நான் கலைக்கவில்லை.